பம்பில் ஒரு திருகாணி: அமெரிக்க டீசல் பிக்கப்பும் வீட்டுப் பட்டறையும்

டீசல் எஞ்சினின் வலு அதற்குள் போகும் எரிபொருளின் அளவைப் பொறுத்தது. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கணக்கான விகிதத்தில் கலந்தாக வேண்டும்; ஒன்றை மட்டும் கூட்டினால் எஞ்சின் திணறும். டீசல் எஞ்சின் காற்றை எப்போதும் முழுதாக இழுத்துக்கொள்கிறது. மிதித்தால் கூடுவது டீசல் மட்டும்தான். உள்ளே காற்று மிச்சம் இருக்கும்வரை, கூடுதலாகப் பீய்ச்சும் ஒவ்வொரு சொட்டும் கூடுதல் இழுவையாகும். காற்று தீர்ந்தபின் பீய்ச்சினால் அது கரும்புகையாகவும் வெப்பமாகவும் போகும். அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருந்தவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே எஞ்சினுக்கு வலுவேற்றிய நாற்பது ஆண்டு வரலாறு முழுவதும் இந்த விதியின்மேல்தான் நடந்தது. எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் இடம் முதலில் பம்பின் திருகாணியில் இருந்தது. பிறகு கணினிக்குப் போனது. கடைசியில் சட்டப் புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது. இடம் மாற மாற, அந்தக் கைவேலையின் குணமும் மாறியது.

தொடக்கம் மோசமாகவே இருந்தது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபில் பிரிவின் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினைக் கார்களிலும் பிக்கப்புகளிலும் பொருத்தியது. டீசலின் அழுத்தத்துக்கு அதன் ஹெட் போல்ட்டுகள் போதவில்லை. எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியும் இல்லாததால் பம்பு துருப்பிடித்தது. எஞ்சின்கள் வரிசையாகப் பட்டறைக்கு வந்தன. அமெரிக்காவில் டீசல் என்ற சொல்லே கெட்டுப்போனது. 1982-இல் வந்த 6.2 லிட்டர் செவர்லே எஞ்சினும், 1983-இல் ஃபோர்டு வண்டிகளுக்காக இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்துகொடுத்த 6.9 லிட்டர் எஞ்சினும் உழைப்பாளிகள்தான், ஆனால் மந்தமானவை. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இரண்டிலும் இல்லை. குதிரை டிரெய்லரையோ வைக்கோல் பாரத்தையோ கட்டிக்கொண்டு ராக்கி மலைத்தொடரில் ஏறும்போது, மேலே போகப் போகக் காற்று மெலிந்து, வண்டி புகை கக்கியபடி ஊர்ந்தது.

வீட்டுப் பட்டறை வேலையின் முதல் கட்டம் இந்தக் காற்றுப் பஞ்சத்தைத் தீர்ப்பதாகவே இருந்தது. கலிபோர்னியாவின் அசூசா நகரில் கேல் பேங்க்ஸ் நடத்திய நிறுவனமும், ஹைப்பர்மேக்ஸ், ஏ.டி.எஸ். போன்ற நிறுவனங்களும் டர்போவைப் பெட்டியில் அடைத்து விற்றன. டர்போவோடு புகைபோக்கிக் குழாய்களும், அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்களும், படம் போட்ட கையேடும் கூடவே வரும். கைப்பழக்கம் உள்ளவர் சனி, ஞாயிறு இரண்டு நாளில் பொருத்திவிடலாம். இந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் 21-க்கு 1 என்ற அளவில் இருந்ததால் டர்போ அழுத்தத்தை அதிகம் ஏற்ற முடியாது. ஆனாலும் மலையேற்றத்தில் தெரிந்த வேறுபாடு பெரிது. ஜெனரல் மோட்டார்ஸ் 1992-இலும் ஃபோர்டு 1993-இலும்தான் தொழிற்சாலையிலேயே டர்போவைப் பொருத்தி விற்கத் தொடங்கின. பட்டறை முன்னே போக, தொழிற்சாலை பின்தொடர்ந்த அரிய நிகழ்வு அது.

இந்த வரலாற்றின் நடுநாயகம் 1989-ஆம் ஆண்டு மாடல் டாட்ஜ் பிக்கப். அதற்குள் இருந்தது கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். கேஸ் டிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து, உழவுக் கருவிகளையும் நடுத்தர லாரிகளையும் மனத்தில் வைத்து உருவாக்கிய எஞ்சின் அது. தமிழ்நாட்டு வாசகருக்கும் அது அந்நியமில்லை. 1993-இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்து, டாடா லாரிகளில் பொருத்தியது இந்தக் குடும்பத்து எஞ்சினைத்தான். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள வார்ப்பிரும்பு எஞ்சின்; நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முறை; செயினோ பெல்ட்டோ இல்லாமல் கியராலேயே சுழலும் கேம்; முதல் நாளிலிருந்தே டர்போ.

இவ்வளவு திடமான எஞ்சினுக்கு டாட்ஜ் கொடுத்தது 160 குதிரைத்திறனும் 400 அடி-பவுண்டு முறுக்குவிசையும் மட்டும். எஞ்சினால் முடியாது என்பதால் அல்ல. பின்னால் இருந்த கியர்பாக்ஸ் தாங்காது என்பதால். இதே எஞ்சினைக் கம்மின்ஸ் படகுகளுக்கு 370 குதிரைத்திறன் வரை ஏற்றி விற்றுக்கொண்டிருந்தது. அதைக் கேள்விப்பட்ட எந்த வண்டிக்காரரும் தன் பானட்டுக்கு அடியில் இருநூறு குதிரைகள் கட்டிப்போடப்பட்டிருப்பதாக நினைத்ததில் வியப்பில்லை. படகு எஞ்சினின் நாசில்களையே வாங்கிப் பிக்கப்பில் மாட்டும் வழக்கம் பின்னாளில் பரவியது. 'மரைன் 370' என்ற பெயர் பாகக் கடைகளில் சரளமாகப் புழங்கியது.

முதல் ஐந்து ஆண்டு வண்டிகளில் இருந்தது பாஷ் நிறுவனத்தின் வி.இ. வகைச் சுழல் பம்பு. அதன் பின்புறம் முழு எரிபொருள் அளவை நிர்ணயிக்கும் திருகாணி ஒன்று உண்டு. யாரும் திருப்பிவிடக் கூடாது என்று அதில் ஒரு வளையத்தைப் பற்றவைத்திருந்தார்கள். வளையத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று உள்ளே திருப்புவதுதான் வேலை. மூடிக்கு அடியில் கூம்பு வடிவ ஊசி ஒன்று இருக்கும். டர்போ அழுத்தம் ஏற ஏற எரிபொருளைக் கூட்டுவது அது. அதன் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் கடைந்திருக்கும். ஆழமான பக்கத்தைத் திருப்பி வைத்தால் டீசல் கூடும். காசு செலவே இல்லை. ஒரு ஸ்பேனர், ஓர் அரம், ஒரு மாலைப்பொழுது போதும்.

1994-இல் டாட்ஜ் புது உடல் பெற்றது, பம்பும் மாறியது. பாஷ் பி-7100 வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தனி உந்துதண்டு கொண்ட, பெரிய லாரிகளுக்குரிய வரிசைப் பம்பு அது. 1998 நடுப்பகுதி வரை அதுதான் இருந்தது. அந்த நாலரை ஆண்டு வண்டிகளை இன்றும் '12 வால்வு' என்று தனி மதிப்போடு சொல்கிறார்கள். பம்புக்குள் இருக்கும் சிறு இரும்புத் தகடு ஒன்றின் விளிம்பு வளைவே எந்தச் சுற்றில் எவ்வளவு டீசல் என்பதைத் தீர்மானித்தது. அதை முன்னே நகர்த்தலாம், வேறு வளைவில் அரைக்கலாம், அல்லது கழற்றியே வைத்துவிடலாம். டர்போ அழுத்தம் வரும்வரை டீசலை மட்டுப்படுத்தும் பகுதியில் நட்சத்திரப் பல்சக்கரம் ஒன்று உண்டு. திருப்புளியால் அதன் பற்களை நகர்த்தி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். சுற்று ஏறினால் டீசலைக் குறைத்துவிடும் கவர்னரின் ஸ்பிரிங்குகளை மாற்றி 3,000 சுற்று வரை இழுக்க வைப்பார்கள். துணிந்தவர்கள் 4,000 வரை போவார்கள். இந்த வேலைகளில் எதற்கும் கணினி தேவைப்படவில்லை. எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய, விரலால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய இரும்பு. 12 வால்வு எஞ்சின் ஒரு தலைமுறைக்கே டீசல் பாடசாலையாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

பாடத்தின் கடினமான பகுதி வெப்பம். டீசலைக் கூட்டினால் புகைபோக்கியில் வெளியேறும் வாயுவின் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் அதை ஓரளவுக்குத்தான் தாங்கும். டர்போவுக்கு முன்னால் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 675 டிகிரி செல்சியஸ், என்ற எல்லையை அனுபவசாலிகள் வகுத்தனர். அதைத் தாண்டி மேட்டில் நெடுநேரம் இழுத்தால் பிஸ்டன் உருகத் தொடங்கும். ஆகவே திருகாணியைத் தொடும் முன் வெப்பமானியைப் பொருத்து என்பது முதல் விதியானது. புகைபோக்கித் தொகுப்பில் துளையிட்டு, மரையெடுத்து, வெப்ப உணரியை இறக்க வேண்டும். இரும்புத் துகள் டர்போவுக்குள் போகாதபடி துளைக்கருவியில் கிரீஸ் தடவித் துளைப்பார்கள். டாஷ்போர்டு ஓரத்தில் வெப்பமானியும் டர்போ அழுத்தமானியும் இருந்தால், அது விவரம் தெரிந்தவர் வண்டி என்று பொருள்.

அடுத்த பாடம், வலு ஏறினால் எஞ்சினுக்குப் பின்னால் இருப்பவை உடையும் என்பது. தொழிற்சாலைக் கிளட்ச் வழுக்கும். தானியங்கி கியர்பாக்ஸின் உள்தட்டுகள் கருகும். அந்நாளைய டாட்ஜின் ஐந்து கியர் மேனுவல் பெட்டியில் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட்டு தானே தளர்ந்துவிடும். கியர் இருக்கிறது, ஆனால் பிடிப்பதில்லை. இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, டீசலைக் கூட்ட ஆகும் செலவைப்போலப் பல மடங்கு. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைத் தாங்கவைக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கைக் கற்றவர்களின் வண்டிகள் பல லட்சம் மைல் ஓடின. கற்காதவர்களின் வண்டிகள் கொட்டகையிலேயே நின்றன.

வலுவேற்றுவது மட்டும் இந்த மரபில்லை. தொழிற்சாலை விட்ட குறையைத் தீர்ப்பதும் அதில் அடக்கம். மிகச் சிறந்த சான்று, வண்டிக்காரர்கள் 'கொலைகார டவல் பின்' என்று பெயரிட்ட சிறு எஃகு ஆணி. கியர் உறையை எஞ்சின் உடலோடு பொருத்தும்போது நேர்வைப்பதற்காக அதை அடித்திருப்பார்கள். பல்லாண்டு அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் சுழலும் பற்சக்கரங்களுக்கு நடுவே விழும். உறை பிளந்தால் நல்ல நேரம். கேம் கியரில் சிக்கினால் எஞ்சினே போய்விடும். அதற்கு வண்டிக்காரர்கள் கண்ட தீர்வு விரல் நீளத் தகடு ஒன்றுதான். பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி, தகட்டை அதனடியில் வைத்து, ஆணியின் தலையை மறைக்குமாறு இறுக்கிவிட்டால் ஆணி வெளியே வர வழியில்லை. தகட்டின் விலை சில டாலர். ஆயிரக்கணக்கான எஞ்சின்களைக் காப்பாற்றிய இந்தக் கைமருந்து கையிலிருந்து கைக்குத்தான் பரவியது. 1993-இல் தொடங்கிய 'டர்போ டீசல் ரெஜிஸ்டர்' என்ற காலாண்டிதழ், டாட்ஜ் வண்டிக்காரர்களின் இத்தகைய அனுபவங்களைத் திரட்டி அச்சிட்டது. வலுவேற்றும் வேலைக்கு 'பாமிங்' என்ற செல்லப்பெயரும் அவர்களிடையே நிலைத்தது.

இதற்கிடையே கணினி வந்துவிட்டது. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 1994-இல் அறிமுகமானது. அதில் திருப்புவதற்குத் திருகாணியே இல்லை. எஞ்சின் எண்ணெயை உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, அந்த எண்ணெயின் உந்துதலால் நாசில் டீசலைப் பீய்ச்சும். எப்போது, எவ்வளவு நேரம் என்பதைக் கணினி சொல்லும். கணினிப் பெட்டியின் பின்புறம் சோதனைக்கென்று விட்டுவைத்த ஓர் இணைப்பு இருந்தது. அதில் ஒரு சில்லைச் செருகினால் கணினி தன் பழைய கணக்கை விட்டுவிட்டுச் சில்லின் கணக்கைப் பின்பற்றும். செருகும் முன் இணைப்பின் மேலிருக்கும் பாதுகாப்புப் பூச்சைச் சுரண்டித் துடைக்க வேண்டும். சரியாகத் துடைக்காவிட்டால் வண்டி நட்ட நடுச்சாலையில் நின்றுவிடும். அரமும் ஸ்பேனரும் பிடித்த கைகள் இப்போது பஞ்சும் சாராயமும் கொண்டு செம்புத் தொடுமுனைகளைத் துடைத்தன.

கம்மின்ஸ் 1998 நடுவில் 24 வால்வுக்கு மாறியபோது வந்த வி.பி.44 மின்னணுப் பம்பு வேறொரு சோதனையைக் கொண்டுவந்தது. அந்தப் பம்புக்குக் குளிர்ச்சியும் மசகும் தருவது அதன் வழியே ஓடும் டீசல்தான். எஞ்சின் ஓரத்தில் பொருத்திய சிறு ஊட்டுப் பம்பு சோர்ந்துபோனால் பெரிய பம்பும் சாகும்; சாகும்வரை ஓட்டுநருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. வண்டிக்காரர்கள் எரிபொருள் அழுத்தமானியை மாட்டினார்கள். ஊட்டுப் பம்பை டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். யூட்டாவின் எட்ஜ் போன்ற நிறுவனங்கள் விற்ற மின்னணுப் பெட்டிகள், பம்பின் கம்பியொன்றைக் குத்திப் பிடித்து, பீய்ச்சும் நேரத்தை நீட்டின. அழுத்தமானி இல்லாமல் பெட்டியை மட்டும் மாட்டியவர்களுக்கு விரைவிலேயே புதுப் பம்பின் விலை தெரிந்தது.

2001-இல் ஜெனரல் மோட்டார்ஸும் இசுசுவும் சேர்ந்து ஒஹாயோவின் மொரைனில் தயாரித்த 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 300 குதிரைத்திறனோடு வந்தது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாயிலிருந்து பீய்ச்சும் 'காமன் ரயில்' முறை அதில் இருந்தது; ஓசையும் அடங்கியிருந்தது. டாட்ஜ் 2003-இல் 305-ஐத் தொட்டது. அதே ஆண்டு ஃபோர்டின் 6.0 லிட்டர் எஞ்சின் 325 என்றது. பத்தாண்டுக்கு முன் கொட்டகையில் அரும்பாடுபட்டுப் பெற்ற வலுவைத் தொழிற்சாலையே உத்தரவாதத்தோடு கொடுத்தது. கையடக்கக் கருவியை ஸ்டீயரிங்குக்கு அடியிலுள்ள சோதனைத் துவாரத்தில் செருகி, பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் இன்னும் நூறு குதிரைகள் சேர்ந்தன. வேலை எளிதானது, ஆனால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் கட்டாயம் மறைந்தது. அந்த இழப்பு சிறியதல்ல.

ஃபோர்டின் 6.0 மட்டும் பழைய வகைக் கைவேலையை மீண்டும் தேவையாக்கியது. சிலிண்டருக்கு நான்கு ஹெட் போல்ட்டுகளே இருந்ததால் அழுத்தம் ஏறினால் ஹெட் கேஸ்கட் பிய்ந்தது. எண்ணெய்க் குளிர்ப்பான் அடைத்துக்கொண்டால், அதன் வழியே தண்ணீர் பெறும் இன்னொரு குளிர்ப்பானும், அதாவது எஞ்சினுக்கே திரும்பும் புகையை ஆற்றும் குளிர்ப்பானும், காய்ந்து வெடித்தது. ஹெட்டைக் கழற்ற வசதியாக, ஓட்டுநர் அறையையே தூக்கி வைத்து வேலைபார்ப்பது பட்டறைகளில் வழக்கமானது. போல்ட்டுக்குப் பதில் உறுதியான ஸ்டட்டுகளை இறக்கி, குளிர்ப்பான்களை மாற்றிய 6.0 எஞ்சின்கள் நீண்ட நாள் உழைத்தன.

செய்த வேலையைச் சோதித்துப் பார்க்கக் களமும் இருந்தது. அமெரிக்க மாவட்டத் திருவிழாக்களில் டிராக்டர்களுக்கு நடந்துவந்த பாரமிழுப்புப் போட்டியில் டீசல் பிக்கப்புகளும் இறங்கின. இழுக்கும் சறுக்குவண்டி முன்னே செல்லச் செல்ல அதன்மேலுள்ள எடை முன்பக்கம் நகர்ந்து, மண்ணில் அழுந்தி, வண்டியை நிறுத்தப்பார்க்கும். 300 அடி கடந்தால் முழு இழுப்பு. இந்தியானாவின் டெரி ஹோட் நகரில் நடந்த டீசல் திருவிழா இதற்குப் பெயர்பெற்றது. 2002-இல் கேல் பேங்க்ஸின் குழு, கம்மின்ஸ் எஞ்சின் பொருத்திய ஒரு டாட்ஜ் டகோட்டா பிக்கப்பை யூட்டாவின் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 217 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தது. அந்த வண்டி டிரெய்லரில் ஏற்றப்பட்டுப் போகவில்லை. தன் சாமான்களைத் தானே இழுத்துக்கொண்டு சாலைவழியே போனது. புகையின்றியே வலு கிடைக்கும் என்பதே பேங்க்ஸின் வாதம். கரும்புகை என்பது எரியாத காசு.

அந்த வாதம் பலர் காதில் ஏறவில்லை. 2006 இறுதியில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் அமெரிக்கா முழுவதும் வந்தது. 2007 முதல் புதுப் பிக்கப்புகளில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், அடுத்த சில ஆண்டுகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசலும் சேர்ந்தன. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழித்தது. மைலேஜ் குறைந்தது, உணரிகள் பழுதாகின, புது வடிகட்டிக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆனது. வண்டிக்காரர்களின் எரிச்சலில் நியாயம் இருந்தது. அதற்குச் சந்தை கொடுத்த பதிலில் நியாயம் இல்லை. வடிகட்டியை வெட்டியெறிந்து வெற்றுக் குழாயை மாட்டவும், அது இருப்பதாகவே கணினியை நம்பவைக்கவும் 'டிலீட்' தொகுப்புகள் விற்கப்பட்டன. அத்தோடு நிற்காமல், வேண்டுமென்றே கரும்புகையைக் கக்கி நடந்துபோவோர்மீதும் சைக்கிளில் செல்வோர்மீதும் வீசும் 'ரோலிங் கோல்' என்ற வழக்கமும் கிளம்பியது. 2015-இல் நியூ ஜெர்சி அதைத் தனிச் சட்டத்தால் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன.

மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செயலிழக்கச் செய்வது 1970-இன் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விற்பனையாளர்கள்மீது வழக்குகள் தொடுத்தது. 2013-இல் எட்ஜ் நிறுவனம் 5 லட்சம் டாலரும், 2015-இல் யூட்டாவின் எச் அண்ட் எஸ் நிறுவனம் 10 லட்சம் டாலரும் அபராதமாகக் கட்ட ஒப்புக்கொண்டன. 2020-இல் முகமை வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இந்தக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டுக் கருவியோடு வந்த வண்டிகளில் அது ஏறத்தாழ 15 சதவீதம். அவை தம் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன் என்றும், சாலையில் புதிதாக 90 லட்சம் பிக்கப்புகளை விட்டதற்கு அது சமம் என்றும் முகமை கணக்கிட்டது. திருகாணியைத் திருப்பியவர் தன் பிஸ்டனைப் பணயம் வைத்தார்; வடிகட்டியை வெட்டியவர் பிறர் நுரையீரலைப் பணயம் வைத்தார். இரண்டையும் ஒரே மரபின் தொடர்ச்சியாகப் பார்ப்பது முந்தையவர்களுக்குச் செய்யும் அநீதி.

முறையான வழி மூடப்பட்டுவிடவில்லை. கலிபோர்னியா காற்றுவள வாரியம் சோதித்து, மாசு கூடாது என்று உறுதிசெய்த பாகங்களுக்கு விலக்கு ஆணை எண் தருகிறது. காற்றிழுப்பான், டர்போ, கணினித் திருத்தம் பலவும் அந்த எண்ணோடு விற்கப்படுகின்றன. கியர்பாக்ஸ், கிளட்ச், குளிர்ப்பான், அழுத்தமானி, ஹெட் ஸ்டட் ஆகியவற்றில் கைவைக்கச் சட்டம் தடையில்லை. 12 வால்வு கம்மின்ஸைப் பழைய வண்டியிலிருந்து கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் ஓடவைப்பவர்கள் இன்றும் உள்ளனர்.

சட்டத்தை ஏமாற்றியது கொட்டகைகள் மட்டுமல்ல. டாட்ஜ் பிக்கப்பின் வழிவந்த ராம் பிக்கப்புகளின் 2013 முதல் 2019 வரையிலான மாடல்களில் 6,30,000-ஐத் தாண்டிய வண்டிகளின் எஞ்சின்களில், மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருளை வைத்ததாகக் கம்மின்ஸ் நிறுவனத்தின்மீதே அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் கட்ட ஒப்புக்கொண்ட அபராதம் 167.5 கோடி டாலர். தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட உரிமையியல் அபராதங்களில் அதுவே மிகப் பெரியது.